பேசக்கூடாத பொருளா மரணம்?



நம் இல்லங்களில் மணம் பேசுகிறோம். மனை வாங்குவது பற்றிப் பேசுகிறோம். பிள்ளைகளின் மேற்படிப்பை ஓராண்டு முன்னதாகவே கூடியமர்ந்து பேசி முடிவு செய்கிறோம். ஆனால் வீட்டுப் பெரியவர் ஒருவர், "நான் போன பிறகு..." என்று தொடங்கினால் போதும். "விளக்கு வைக்கும் நேரத்தில் இது என்ன பேச்சு?" என்று மகனோ மருமகளோ உடனே தடுத்து விடுகின்றனர். பெரியவரும் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு அமைதியாகி விடுகிறார். அவர் சொல்ல வந்தது என்ன என்பது பல வேளைகளில் எவருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

இவ்வாறு தடுப்பவர்கள் அன்பினாலேயே தடுக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. எனினும், மரணத்தைப் பற்றிய பேச்சை வீட்டிற்குள் நுழையவிடாத இப்பழக்கம் நம் அறநெறிக்குப் பொருந்தாதது. நோயுற்றோருக்கும், துயருற்றோருக்கும், குழந்தைகளுக்கும் தீங்கு செய்வது. இதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். நம் முன்னோர் வழி, மறைத்தலால் வரும் இழப்பு, நோயுற்றோரிடம் பேசும் முறை, துயருற்றோருக்குத் துணை நிற்றல், குழந்தைகளுக்கு உரைத்தல், நல்வாழ்வு என ஆறு பகுதிகளாக இதனைக் காண்போம்.

1. முன்னோர் மறைக்கவில்லை

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றை நம்மில் பலர் தரிசித்திருப்போம். 24 தீர்த்தங்கரர்களின் திருவுருவங்களும் இரண்டு வரிசைகளாகச் செதுக்கப்பட்ட பெரும்பாறை அங்குள்ளது. அக்குன்றிலேயே, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாட்கள் உண்ணாநோன்பு நோற்று உயிர் நீத்ததைக் கூறும் கல்வெட்டும் உள்ளது. அதன் எழுத்தமைதியைக் கொண்டு, அது ஏறத்தாழ 5 அல்லது 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர் அறிஞர். மற்றொரு கல்வெட்டு, இளைய பட்டாரர் 30 நாட்கள் நோன்பிருந்து முடிந்ததைக் கூறுகிறது. இத்தகைய நினைவிடத்திற்கு நிசீதிகை என்பது பெயர். கர்நாடகத்தின் சிரவணபெளகொளத்தில், சந்திரகிரி மலையில், துறவியர்க்கும் இல்லறத்தார்க்கும் உரிய இத்தகைய நிசீதிகைகள் மிகப் பலவாகக் காணப்படுகின்றன.

இக்கல்வெட்டுகளில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 57 நாட்கள் என்று எண்ணிச் சொல்ல வேண்டுமாயின், அருகிலிருந்தோர் நாள்தோறும் எண்ணியிருக்க வேண்டும். இறப்பு நெருங்குகிறது என்பது நோற்றவர்க்கும் தெரியும்; உடனிருந்து பணிவிடை செய்தவர்க்கும் தெரியும்; குன்றின் அடியில் வாழ்ந்த ஊராருக்கும் தெரியும். மறைப்பதற்கு அங்கு எதுவுமில்லை. பின்வருவோரும் படிக்க வேண்டுமென்றே அதனைப் பாறையில் வெட்டி வைத்தனர்.

சமண முனிவர்கள் இயற்றியதாகப் போற்றப்படும் நாலடியாரின் முதல் மூன்று அதிகாரங்களும் செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்பனவே. சிராவகர் நாள்தோறும் சிந்திக்கத் தக்கவை என்று கூறப்பட்ட பன்னிரண்டு அநுப்பிரேட்சைகளில் முதலாவது அநித்தியம்; இரண்டாவது அசரணம். நிலையாமையையும், இறப்பின் முன் வேறு புகலிடம் இல்லாமையையும் முதலில் எண்ணிய பிறகே மற்றவற்றை எண்ணுமாறு நமக்கு வகுத்துத் தந்தனர்.

ஆதிநாதர் வரலாற்றில் வரும் நீலாஞ்சனையின் கதையை நாமனைவரும் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். அரசவையில் ஆடிக்கொண்டிருந்த அவள் ஆயுள் நடுவிலேயே முடிந்தது. ஆடலின் சுவை கெடாதிருக்க இந்திரன் அக்கணமே அவளைப் போன்ற வேறொருத்தியைத் தோற்றுவித்தான். அவையோர் எவரும் மாற்றத்தை உணரவில்லை. ஆடலை இரசித்தபடியே இருந்தனர். ரிஷபதேவர் மட்டும் உணர்ந்தார். வைராக்கியம் கொண்டு துறவு பூண்டார். இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒரு வினாவைக் கேட்டுப் பாருங்கள்: திறமையாக மறைக்கப்பட்ட மரணத்தால் அவையோருக்கு என்ன நன்மை விளைந்தது? ஒன்றுமில்லை. அதனைக் கண்டுகொண்டவருக்கே வழி திறந்தது.

2. மறைக்கும் வீட்டில் நேரும் இழப்பு

இன்று நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது என்ன? மருத்துவர் மகனைத் தனியே அழைத்து, நோய் முற்றிவிட்டது என்கிறார். மகன் கண்களைத் துடைத்துக்கொண்டு தாயின் கட்டிலருகே வந்து, "ஒன்றுமில்லை அம்மா, சாதாரணப் புண்தான், பத்து நாளில் எழுந்து நடமாடலாம்" என்கிறான். வருவோர் போவோர் எல்லோரும் அவ்வாறே சொல்லுமாறு வாசலிலேயே எச்சரிக்கப்படுகின்றனர். தாய் நம்புவதுபோல் நடிக்கிறார். உடலின் மெலிவும், வருவோரின் முகங்களும் அவருக்கு உண்மையைச் சொல்லாமலா இருக்கும்? வீடு நிறைய மக்கள் இருந்தும், தம் வாழ்வின் மிகப் பெரிய செய்தியை எவரோடும் பகிர இயலாமல் அவர் தனித்து விடப்படுகிறார்.

நான் அறிந்த குடும்பம் ஒன்றில் உடன்பிறந்த சகோதரியர் இருவர் இருந்தனர். தாய்வீட்டுப் பாத்திரங்களைப் பங்கிட்டபோது எழுந்த மனத்தாங்கலால் பதினைந்து ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. மூத்தவர் நோயுற்றார். நாட்கள் எண்ணப்படுவதை அவரிடம் எவரும் சொல்லவில்லை. "உடம்பு தேறட்டும், தைப்பொங்கலுக்குத் தங்கையை நானே போய் அழைத்து வருகிறேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளைகளும் "ஆகட்டும் அம்மா" என்றனர். பொங்கல் வருமுன் அவர் முடிந்துவிட்டார். தங்கை வந்தபோது நடுவீட்டில் தமக்கை கிடத்தப்பட்டிருந்தார். அத்தங்கை, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பேனே" என்று கதறியதற்கு அங்கு யாராலும் விடை கூற இயலவில்லை. பிள்ளைகள் தீயவர்கள் அல்லர். தாயின் மனம் நோகக்கூடாது என்று எண்ணியவர்களே.

இந்நிகழ்ச்சியை நம் அறநூல் கூறும் நெறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சல்லேகனை என்றவுடன் உணவைக் கைவிடுவதே நம் நினைவுக்கு வருகிறது. சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வரிசை வேறு. நீக்க இயலாத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீரா நோய் ஆகியவை நேர்ந்த காலத்தில் அறத்தின்பொருட்டு உடலை விடுதல் சல்லேகனை என்று அந்நூல் முதலில் வரையறுக்கிறது. அடுத்து, பற்றையும் பகையையும் உடைமையையும் விட்டு, தூய மனத்தோடு, இன்சொற்களால் சுற்றத்தாரையும் பணியாட்களையும் மன்னித்து, தாமும் அவர்களிடம் மன்னிப்பு வேண்டுமாறு கூறுகிறது. பிறகு, செய்த பிழைகளை ஒளிவின்றி ஆய்ந்து உரைத்தல். அதன் பின், துயரம், அச்சம், மனத்தளர்ச்சி ஆகியவற்றை நீக்கி மனத்திற்கு ஊக்கமளித்தல். இவையெல்லாம் நிறைந்த பிறகே உணவைப் படிப்படியாகக் குறைத்தல் வருகிறது. திட உணவை விட்டுப் பால் முதலியவற்றையும், அதனை விட்டு வெந்நீர் முதலியவற்றையும், இறுதியில் அதனையும் விடும் முறை அது.

ஆகவே முதற்படி மன்னிப்பு; உணவு பின்னரே. மன்னிப்பு வேண்டுவதற்கோ காலம் நெருங்கியதை அறிந்திருக்க வேண்டும். உண்மை மறைக்கப்பட்ட வீட்டில் சல்லேகனைக்கு இடமில்லை என்பது வெளிப்படை. சல்லேகனை மேற்கொள்ளாத எளிய சிராவகரும் சிராவகியரும் செய்யக்கூடிய அந்த மன்னிப்புக்கும் அங்கு இடமில்லாமல் போகிறது. நோயுற்றவரிடம் உண்மையை மறைப்பவர், தாம் அறியாமலே, அவருடைய அறத்தின் கடைசி வாய்ப்பை அவரிடமிருந்து பறித்து விடுகிறார்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் சல்லேகனைக்குரிய குற்றங்கள் ஐந்தினைக் கூறுகிறது: இன்னும் வாழ வேண்டும் என்ற வேட்கை, விரைவில் சாக வேண்டும் என்ற வேட்கை, நண்பர்மீது கொண்ட பற்று, முன் நுகர்ந்த இன்பங்களை எண்ணி ஏங்குதல், நோன்பின் பயனாக மறுமை இன்பத்தை விரும்பும் நிதானம். இவற்றுள் இரண்டாவதை நம் இளைஞர்கள் நன்கு மனங்கொள்ள வேண்டும். சாவை விரும்புதலே குற்றம். மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்வதற்கும் சல்லேகனைக்கும் உள்ள வேறுபாடு இதில் அடங்கியிருக்கிறது. 2015 ஆகஸ்டு 10ஆம் நாள் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் இந்நோன்பைத் தற்கொலையாகக் கருதித் தீர்ப்பளித்தபோது நாடெங்கும் உள்ள சமணர் அமைதி ஊர்வலம் நடத்தினர். அதே மாதம் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. பிறருக்கு இதனை விளக்க வேண்டிய நாம், இவ்வைந்து குற்றங்களை முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கியிருக்க வேண்டாமா?

3. நோயுற்றோரிடம் பேசும் முறை

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், கட்டிலருகே சென்று திடுமெனப் போட்டுடைக்க வேண்டும் என்பது பொருளன்று. வகுப்பறையில் நல்லாசிரியர் என்ன செய்கிறார்? மாணவன் எந்த அளவு அறிந்திருக்கிறான் என்பதை வினவி அறிந்த பிறகே புதியதைத் தொடங்குகிறார். இங்கும் அம்முறையே ஏற்றது.

முதலில், "உங்கள் உடல்நிலை எப்படி இருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள். அடுத்து, "மருத்துவர் சொன்னதை முழுவதும் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, அல்லது நாங்களே பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பர். அதுவும் அவர் உரிமை. வேண்டும் என்பவரிடம் எளிய சொற்களில், சிறிது சிறிதாகக் கூறுங்கள். பொய்யான உறுதி எதுவும் தராதீர்கள். "நாங்கள் உங்களைத் தனியே விடமாட்டோம்" என்ற ஓர் உறுதி மட்டும் தாருங்கள், அதனை நிறைவேற்றுங்கள். பிறகு, "யாரையாவது பார்க்க விரும்புகிறீர்களா? யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேளுங்கள். மேலே கூறிய சகோதரியர்க்கு இந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்திருக்கும்.

வலியைத் தாங்குவதே அறம் என்று கருதி, நோயாளி துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வேதனையையே எண்ணிக்கொண்டிருத்தலை ஆர்த்தத் தியானத்தின் ஒரு வகையாக நம் நூல்கள் வகுத்திருக்கின்றன. வலி தணிந்தால்தான் எளியவர் மனம் பஞ்சமந்திரத்தில் நிற்கும். நோயைக் குணப்படுத்த இயலாத நிலையிலும் வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்க மருத்துவத்தில் தனித்துறை ஒன்று வளர்ந்துள்ளது. 1967இல் இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் நிறுவிய புனித கிறிஸ்டோபர் இல்லம் இதற்கு வழிகாட்டியது. நம் நாட்டில் 1986இல் மும்பையில் சாந்தி அவேதனா சதன் தொடங்கப்பட்டது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி, அக்கம்பக்கத்துத் தொண்டர்களைக் கொண்டு வீடுதேடிச் செல்லும் பணியாகக் கேரளம் முழுவதும் பரவியது. தமிழகத்திலும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இத்தகைய நோய் ஆதரவுப் பணி ஒரு கூறாகச் சேர்க்கப்பட்டது. கடும் வலிக்குரிய மார்பின் மருந்து எளிதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டது. மருத்துவர் அளவறிந்து கொடுக்கும் இம்மருந்தை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. விரதம் ஏற்றவர்கள் தம் விரதத்திற்கேற்ப, குருவின் வழிகாட்டலின்படி நடப்பார்கள். மற்றவர்கள் மருத்துவரிடம் வலித்தணிப்பைத் தயங்காமல் கேட்கலாம்.

சட்டமும் இப்போது இப்பேச்சுக்கு இடமளித்திருக்கிறது. மீளாத நோய்நிலையில் எந்தெந்தக் கருவிச் சிகிச்சை தமக்கு வேண்டாம் என்பதை, மனத்தெளிவுள்ள ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று 2018 மார்ச் 9ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அப்போது விதிக்கப்பட்ட முறைகள் கடினமாக இருந்ததால், 2023 ஜனவரியில் அவை எளிமையாக்கப்பட்டன. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அலுவலர் ஒருவரின் சான்று பெற்றால் போதும். தாம் பேச இயலாத நிலையில் தமக்காக முடிவு கூற வேண்டியவர் யார் என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். இப்பத்திரத்தை எழுதுவதற்கு முன், அவ்வாறு குறிக்கப்படுபவரோடு அமர்ந்து பேசுவது இன்றியமையாதது. பேசாமல் எழுதி வைத்த தாள், நெருக்கடி நேரத்தில் பிள்ளைகளுக்கிடையே பூசலையே வளர்க்கும்.

4. துயருற்றோருக்குத் துணை நிற்றல்

இறந்தவர் வீட்டிற்குச் செல்லும் நம்மவர் பலர் ஒரு வழக்கத்தைக் கைக்கொள்கின்றனர். கணவனை இழந்து அழும் பெண்ணிடம், "அழாதே, அழுதால் வினை சேரும். ஆன்மா அழிவதில்லை என்று படித்ததெல்லாம் எங்கே போயிற்று?" என்கின்றனர். கூற்றில் பிழையில்லை. அன்புக்குரியவரைப் பிரிந்து வருந்துதலை, இஷ்ட வியோகம் என்னும் ஆர்த்தத் தியானமாகவே நூல்கள் கூறுகின்றன. ஆனால் ஒருவர் தம் மனத்தைத் தாமே திருத்திக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டதை, புண்பட்டு நிற்கும் மற்றொருவரைக் கடிந்துகொள்ளப் பயன்படுத்துவது முறையாகுமா? அவ்வாறு கடியப்பட்டவர் அழுகையை நிறுத்துவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார். துயரத்தோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது.

துயருற்றோரைத் தெளிவிக்கும் முறையை இரவிசேணர் இயற்றிய பத்மபுராணம் அழகாகக் காட்டுகிறது. இது 7ஆம் நூற்றாண்டு நூல். அதன்படி, இலக்குவன் இறந்தபோது இராமன் அதனை ஏற்க மறுத்தான். தம்பி உறங்குகிறான், ஊடியிருக்கிறான் என்று சொல்லி, உடலை நீராட்டினான், உணவூட்ட முயன்றான், ஆறு மாதங்கள் தோளில் சுமந்து திரிந்தான். அறிவுரை கூறியவர்மீது சினந்தான். பலதேவர் வரிசையில் வைத்துப் போற்றப்படும், அப்பிறவியிலேயே வீடுபேறு எய்தவிருந்த ஒருவனுக்கே இந்நிலை நேர்ந்தது என்றால், எளியவர்களாகிய நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

அவனைத் தெளிவித்தவர்கள் முன்பு அவனோடு பழகித் தேவராகப் பிறந்த இருவர். ஒருவர் சடாயுவாய் இருந்தவர். மற்றவர் படைத்தலைவன் கிருதாந்தவக்திரனாய் இருந்தவர். அவர்கள் அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. அவன் காணுமாறு பட்ட மரத்திற்கு நீர் ஊற்றினர். பாறையில் விதை விதைத்தனர். வெண்ணெய்க்காக நீரைக் கடைந்தனர். எண்ணெய்க்காக மணலை ஆட்டினர். இறுதியில் தாமும் ஒரு பிணத்தைச் சுமந்துகொண்டு எதிரே வந்தனர். "இது வீண்செயல் அன்றோ?" என்று வினவிய இராமன், அவ்வினா தன்னையே நோக்கித் திரும்புவதைத் தானே உணர்ந்தான். பிறகே தம்பிக்கு ஈமக்கடன் செய்தான். அருகே வந்து உடன் நின்றனர். தானே காணும்வரை பொறுத்திருந்தனர். ஆசிரியத் தொழிலில் இருந்தவர்கள் இதனை உயர்ந்த கற்பித்தல் முறை என்று உடனே ஒப்புக்கொள்வர்.

மேலை நாட்டில் எலிசபெத் கூப்ளர் ராஸ் என்னும் மனநல மருத்துவர், இறக்கும் நிலையிலிருந்த நோயாளிகளோடு உரையாடி 1969இல் ஒரு நூல் வெளியிட்டார். மறுத்தல், சினத்தல், பேரம் பேசுதல், சோர்தல், ஏற்றல் என்னும் ஐந்து நிலைகளை அவர் விளக்கினார். துயருற்ற ஒவ்வொருவரும் இவற்றை ஒவ்வொரு படியாகக் கடந்தே ஆக வேண்டும் என்று பலர் பின்னாளில் கருதியது சரியன்று. ஒருவருக்குச் சினமே வராதிருக்கலாம். ஏற்றுக்கொண்டவர் மறுநாளே மீண்டும் மறுக்கலாம். துயரத்திற்குக் கால அட்டவணை இல்லை.

எனினும் ஓர் எல்லையை அறிந்து வைத்தல் நல்லது. 2022 முதல் நடைமுறைக்கு வந்துள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஆறு மாதங்களுக்கு மேலாகியும் அன்றாட வாழ்வையே முடக்கிப் போடும் கடுந்துயரை மருத்துவ உதவிக்கு உரிய நிலையாகக் கொள்கிறது. துயருற்றவர் உண்பதையும் உறங்குவதையும் விட்டுவிட்டாலோ, தாமும் இறந்துவிட வேண்டும் என்று கூறினாலோ, ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நடுவண் அரசு 2022இல் தொடங்கிய டெலிமானஸ் தொலைபேசி உதவி எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம். இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

துயர வீட்டிற்குச் செல்லும்போது நினைவிற் கொள்ளத்தக்கவை சில:

அ. "எனக்கும் இப்படித்தான்" என்று நம் கதையைத் தொடங்காமல் இருத்தல்.

ஆ. இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுதல். பெயரைத் தவிர்ப்பதால் துயரம் குறைவதில்லை.

இ. "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கூறாமல், பகலிருக்கும்போதே உணவு கொண்டுபோய்க் கொடுத்தல், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுதல், வங்கிப் பணிகளில் உதவுதல் போன்ற ஒன்றைத் தாமே ஏற்றுச் செய்தல்.

ஈ. காரியங்கள் முடிந்து உறவினர் கலைந்த பின்பு, இரண்டாம் மாதத்திலும் மூன்றாம் மாதத்திலும் சென்று பார்த்தல். வீடு வெறிச்சோடுவது அப்போதுதான்.

5. குழந்தைகளுக்கு உரைத்தல்

குழந்தைகளுக்கு ஒன்றும் தெரியாது என்றெண்ணி அடுத்த வீட்டிற்கு அனுப்பி விடுகிறோம். "தாத்தா தூங்குகிறார்", "பாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள்" என்று சொல்லி வைக்கிறோம். இதனால் விளையும் கேட்டை ஆசிரியர்கள் நன்கறிவர். தாத்தா தூங்கித் திரும்பவில்லை என்றறிந்த குழந்தை, இரவில் தான் உறங்க அஞ்சுகிறது. பாட்டி சொல்லாமல் ஊருக்குப் போனாள் என்று நம்பும் குழந்தை, தன்மீது கோபித்துக்கொண்டு போனாளோ என்று கலங்குகிறது.

ஹங்கேரி நாட்டு மரியா நாகி 1948இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்து அகவைக்கு உட்பட்ட குழந்தைகள் மரணத்தை மீண்டு வரக்கூடிய பிரிவாகவே கருதுகின்றனர் எனக் காட்டியது. இறந்தவர் திரும்பார், உடல் இயங்காது, எல்லா உயிர்க்கும் இது உண்டு என்பவற்றைப் பெரும்பாலான குழந்தைகள் ஐந்து முதல் ஏழு அகவைக்குள் அறியத் தொடங்குகின்றனர் என்று பின்வந்த ஆய்வுகள் கூறுகின்றன. எனவே அகவைக்கேற்ற எளிய உண்மையே தக்கது. "தாத்தாவின் உடல் மிகவும் பழுதாகிவிட்டது. இனி அவரால் மூச்சுவிட முடியாது, திரும்பி வரமாட்டார். நாம் எல்லோரும் வருத்தமாக இருக்கிறோம். நீ செய்த எதனாலும் இது நேரவில்லை" என்று மடியில் வைத்துக்கொண்டு கூறலாம். உயிர் வேறு, உடல் வேறு என்ற நம் தத்துவத்தை, உண்மையைச் சொன்ன பிறகு, அதற்கு அடுத்த பாடமாகச் சொல்ல வேண்டும். உண்மையை மூடும் போர்வையாகச் சொல்லலாகாது. அதே வினாவைக் குழந்தை பத்து முறை கேட்கும். பத்து முறையும் பொறுமையாக அதே விடையைத் தருக.

உயிரின் இயல்பை உணர்த்த வேறு வாய்ப்புகளும் உண்டு. வாடிய செடி, இறந்து கிடக்கும் சிட்டுக்குருவி, காய்ந்த இலை ஆகியவற்றைக் கண்டு குழந்தை கேட்கும்போது பேச்சை மாற்றாமல் விடை கூறினால், வீட்டில் இழப்பு நேரும்போது அதன் மனம் ஓரளவு பழகியிருக்கும். சிற்றுயிரின் முடிவுக்கு வருந்தக் கற்கும் குழந்தை, அகிம்சையையும் உடன் கற்கிறது.

6. நல்வாழ்வு

மரணத்தைப் பேசினால் வாழ்வில் சுவை போய்விடும் என்பது சிலர் அச்சம். உண்மை அதற்கு மாறானது. ஊருக்குப் புறப்படும் நாள் தெரியாவிடினும் மூட்டையைக் கட்டி வைத்திருப்பவன், இருக்கும் நாட்களில் நிம்மதியாக உண்டு உறங்குவான். கட்டாதவனுக்கே ஒவ்வொரு வண்டிச் சத்தமும் திகிலூட்டும்.

நம் அறம் இதற்கான பயிற்சிகளை நாள், ஆண்டு, ஆயுள் என்று மூன்று அளவில் தந்திருக்கிறது. நாள்தோறும் சாமாயிகத்தில் அமர்ந்து அன்றைய பிழைகளை எண்ணிப் பார்த்தல் முதலாவது. தசலக்ஷண பருவத்தின் நிறைவில் வரும் க்ஷமாவணி நாளில் மன்னிப்பு வேண்டுதல் இரண்டாவது. அந்நாளில் அச்சடித்த வாழ்த்து அட்டையை எல்லோருக்கும் பொதுவாக அனுப்பிவிட்டு அமைந்து விடுகிறோம். யாரோடு உண்மையில் மனத்தாங்கலோ, அவர் வீட்டு வாசற்படியை மிதிப்பதே க்ஷமை. பரிக்கிரக பரிமாண விரதத்தை ஏற்று உடைமைகளுக்கு எல்லை வகுத்தல் மூன்றாவது. எது வேண்டும், எது வேண்டாம் என்று இருக்கும்போதே பிரித்துக் கொடுத்தவரின் பிள்ளைகள் பாத்திரத்திற்காகச் சண்டையிட மாட்டார்கள்.

குடும்பமாகச் செய்ய வேண்டிய பயிற்சி

இவ்விதழைப் படித்து முடித்ததும் மூடி வைத்துவிடாமல், இம்மாதத்தில் ஒரு சதுர்த்தசி நாளில் மாலை உணவுக்குப் பின் அனைவரும் அமர்ந்து கீழ்க்காணும் வினாக்களைப் பேசுங்கள். முதியவர்களே தொடங்குவது நல்லது. இளையோர்க்கு இதனைக் கேட்கும் துணிவு எளிதில் வராது.

1. கடும் நோய் வந்தால், மருத்துவர் கூறுவதை முழுவதும் அறிய விரும்புகிறேனா?

2. இறுதிக் காலத்தில் எங்கு, யார் அருகில் இருக்க விரும்புகிறேன்? எந்தச் சிகிச்சை வேண்டாம்?

3. எனக்காகப் பேச வேண்டியவர் யார்? அவரிடம் இதனைச் சொல்லிவிட்டேனா?

4. யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது? யாரை இன்னும் மன்னிக்கவில்லை?

5. கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய தொகை, பத்திரங்கள் இருக்குமிடம் ஆகியவற்றை வாழ்க்கைத்துணை அறிவாரா? குறிப்பாக, வீட்டுப் பெண்கள் அறிவார்களா?

6. செய்ய எண்ணியிருந்த தானம் எது? அதனை இவ்வாண்டே செய்யத் தடை என்ன?

முதல்முறை பேசும்போது யாரேனும் அழக்கூடும்; யாரேனும் எழுந்து போகவும் கூடும். அதனால் பேச்சு தவறாகிவிடவில்லை. அடுத்த சதுர்த்தசியில் மீண்டும் தொடருங்கள். நான்காம் வினாவுக்கு மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம். அதற்குரிய பெயர் இதற்குள் உங்கள் மனத்தில் தோன்றியிருக்கும். நாளைக் காலையே அவரைப் போய்ப் பாருங்கள்.